மதுரையிலிருந்து கடலுக்கு: எந்த மாதம், எந்தக் கரை?

வேலைக்கோ படிப்புக்கோ மதுரைக்குப் புதிதாக வந்தவர்கள் நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்ததும் கேட்பது, "பக்கத்தில் நல்ல பீச் எது?" என்றுதான். ஆளுக்கொரு பேர் சொல்வார்கள். ஒருத்தர் தனுஷ்கோடி என்பார், ஒருத்தர் அரியமான் என்பார், இன்னொருத்தர் "பேசாம கன்னியாகுமரி போயிருங்க" என்பார். அவரவர் போய்வந்த மாதத்துக்கு அவரவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நீங்கள் போகிற மாதத்துக்குச் சரியா என்பது வேறு விஷயம். ஜூலையில் குளம்போலக் கிடக்கும் கரையில் டிசம்பரில் முழங்கால் நனைக்கக்கூட முடியாது. அதனால் இடத்தை முடிவு செய்துவிட்டு நாளைப் பார்க்காதீர்கள். நாளை வைத்துத்தான் இடத்தைத் தேட வேண்டும்.

முதலில் காற்று

மதுரைக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. நமக்குப் பக்கத்தில் இருப்பது ஒரு கடல் அல்ல, இரண்டு. ராமநாதபுரத்தைத் தாண்டி உச்சிப்புளி வழியாக மண்டபம் போகும்போது நிலம் ஒடுங்கிக்கொண்டே வரும். இடது கைப் பக்கம் பாக் ஜலசந்தி, வலது கைப் பக்கம் மன்னார் வளைகுடா. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமேஸ்வரம் தீவுக்குள் போனாலும் இதே கதைதான், வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. தனுஷ்கோடிப் பக்கம் வடக்குக் கடலைப் பெண் கடல் என்றும் தெற்குக் கடலை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வருஷம் முழுக்க அப்படியே இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பெண் கடலுக்கும் கோபம் வரும் மாதங்கள் இருக்கின்றன.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிப்பு, பாக் ஜலசந்திப் பக்கம் அமைதி. அக்டோபர் பாதியிலிருந்து ஜனவரி வரை வாடைக்காற்று. அப்போது நிலைமை தலைகீழ்: வடக்குக் கரை கலங்கிக் குழம்பிக் கிடக்கும், தெற்குக் கரை ஓரளவு அடங்கியிருக்கும். பிப்ரவரி, மார்ச் இரண்டும் எந்தப் பக்கம் போனாலும் பெரிதாக ஏமாற்றாத மாதங்கள். என்னைக் கேட்டால், குழந்தைகளோடு போகிற முதல் கடல் பயணத்தை மார்ச் முதல் பாதியில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். பரீட்சை நேரமாயிற்றே என்பீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

இனி, நம் ஊர் விடுமுறைகளை இதன்மேல் பொருத்திப் பார்க்கலாம்.

செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு லீவுக்குப் பாக் ஜலசந்திக் கரைகள் நல்லது. வடகிழக்கு மழை பிடித்துக்கொள்வதற்குள் போய்விட்டு வந்துவிடலாம். தீபாவளிச் சமயத்தில் கடல் திட்டமே வேண்டாம் என்பது என் கருத்து. மழை, காற்றழுத்தத் தாழ்வு நிலை, புயல் என்று எது வேண்டுமானாலும் வரும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலும் இந்தப் பருவத்தில் வந்ததுதான். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருக்கிறது என்று செய்தி வந்தால் எத்தனையாம் எண் என்று ஆராய வேண்டாம், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அரையாண்டு லீவுக்கும் பொங்கலுக்கும் கன்னியாகுமரி மாவட்டக் கரைகள், மணப்பாடு, தூத்துக்குடிப் பக்கம் என்று தெற்கே போகலாம். ஒன்றை மட்டும் கணக்கில் வையுங்கள். கார்த்திகை ஒன்றில் தொடங்கித் தை பிறக்கும் வரை சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சுற்றி வருவார்கள். அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கேட்டால் மயக்கம் வரும். கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் நாகர்கோவிலில் தங்கிவிட்டுக் காலையில் கிளம்பிப் போவது நிம்மதி.

மே மாதம்தான் எல்லோரும் கிளம்புவது. கவனமாக இருக்க வேண்டியதும் அப்போதுதான்.

ஏப்ரல், மே மாதங்களில் கள்ளக்கடல் என்று ஒன்று வரும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய புயல்காற்று கிளப்பிவிட்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து கேரளக் கரையிலும் நம் தென்கரையிலும் வந்து மோதுவது அது. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் சுள்ளென்று அடிக்கும். கடலைப் பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும். திடீரென்று ஒரு வரிசை அலை கரையில் எவ்வளவு தூரம் ஏறும் என்றே சொல்ல முடியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்த ஒரு நாளில்தான். அதனால் மே மாதத்தில் கன்னியாகுமரி போனால் சூரிய உதயம் பாருங்கள், படகில் ஏறி விவேகானந்தர் பாறைக்குப் போங்கள், அங்கிருந்து வள்ளுவர் சிலைக்கு 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடங்கள். குளியலை வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையும் ராமர் பால மணல்திட்டுகளும் குறுக்கே கிடப்பதால் தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகள் அங்கே அவ்வளவாக எட்டுவதில்லை.

அப்புறம், யார் யார் போகிறீர்கள்?

வேனில் ஏறப்போகிற ஆட்களை மனதில் வைத்துக்கொண்டு யோசியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை இருக்கிறதா? மணலில் நடக்க முடியாத ஆச்சி இருக்கிறாரா? அலையில் குதிக்கத் துடிக்கிற கல்லூரிப் பையன்களா? இந்த மூன்று கூட்டத்துக்கும் ஒரே கரை ஒத்துவராது.

சின்னப் பிள்ளைகள் என்றால் அரியமான். ராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து இடது பக்கம் திரும்ப வேண்டும். மதுரையிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். சவுக்குத் தோப்பு நிழல் உண்டு, கரை சரிவில்லாமல் மெதுவாக இறங்கும், கொஞ்ச தூரம் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாது. படத்தில் பார்க்கிற நீலத் தண்ணீரை மட்டும் எதிர்பார்க்காதீர்கள். கடற்பாசியும் கடற்புல்லும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும், காலில் வழுவழுவென்று படும். சில பிள்ளைகள் அதற்கே அழும்.

அங்கே பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று இருக்கிறது. அரியமான் வடக்குப் பார்த்த கரை. ஜூன், ஜூலையில் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால்தான் கரையோரம் அலையே இல்லாமல் அவ்வளவு அமைதி. அதே காற்று, லாரி டியூபில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். டியூபும் காற்றடைத்த பொம்மையும் கொண்டு போனால் ஒரு கயிறு கட்டி, அதன் நுனியைப் பெரியவர் ஒருவர் கையில் பிடித்திருக்க வேண்டும். பந்து உள்ளே போனால் போகட்டும், பின்னால் நீந்தாதீர்கள்.

வயதானவர்களுக்கு அக்னி தீர்த்தம் வசதி. ராமநாத சுவாமி கோயிலுக்கு எதிரே, ஆழமில்லாத கடல். தலை முழுகிவிட்டு ஈரத்துணியோடு இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடப் போகிறவர்கள் நிறைய இருப்பார்கள், விளையாடுவதற்கான கரை அல்ல அது. ஆடி அமாவாசை, தை அமாவாசை அன்று உல்லாசமாகப் போகலாம் என்று நினைக்கவே நினைக்காதீர்கள். தேவிபட்டினமும் அப்படித்தான். கடலுக்குள் நவகிரகங்களாக நிற்கிற நவபாஷாணக் கற்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வரலாம், குளித்து ஆட அல்ல. தண்ணீரில் இறங்கவே விருப்பமில்லை என்கிற பெரியவர்களைச் சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டிப் பக்கம் காரங்காட்டுக்குக் கூட்டிப் போங்கள். வனத்துறை ஏற்பாட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வரலாம், பறவைகளும் பார்க்கக் கிடைக்கும்.

தனுஷ்கோடிக்கு 2017-இலிருந்து அரிச்சல்முனை வரை தார் ரோடு. இரண்டு பக்கமும் கடல், நடுவே ரோடு. இதற்கு ஈடான காட்சி இந்தப் பக்கம் எங்கேயும் இல்லை என்று நிச்சயமாகச் சொல்வேன். ஆனால் அது பார்க்கிற கடல், குளிக்கிற கடல் அல்ல. முனையில் இரண்டு பக்கத் தண்ணீரும் சந்திக்கிற இடத்தில் இழுப்பு கடுமை, ஆழமும் சட்டென்று வரும். இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள், அதற்குப் பக்கத்திலேயே நாலு பேர் குளித்துக்கொண்டும் இருப்பார்கள். அவர்களைப் பார்த்து இறங்காதீர்கள். இருட்டுவதற்கு முன்பே போலீஸ் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடும், அதனால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காமல் காலையிலேயே போய்விடுங்கள். நிழல் கிடையாது.

திருச்செந்தூர் கோயில் கடல் பற்றியும் சொல்ல வேண்டும். முருகன் பேரைச் சொல்லி இறங்குகிற கூட்டம் எப்போதும் இருக்கும். சில வருஷங்களாகக் கடல் அரிப்பு அதிகம், மணல் போய்ப் பாறையும் பள்ளமுமாக இருக்கிற நாட்கள் உண்டு. கூட்டம் எங்கே இறங்குகிறதோ அங்கேயே, முழங்காலுக்கு மேல் போகாமல் முழுகி எழுந்து, நல்ல தண்ணீர் ஊறுகிற நாழிக்கிணற்றுக்குப் போய்விடுங்கள். கந்த சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் பார்க்கப் போவது தனிப் பயணம், அதைப் பீச் கணக்கில் சேர்க்க முடியாது. அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரத்தில் மணப்பாடு. மணல் குன்றின்மேல் பழைய திருச்சிலுவைக் கோயில், கீழே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற மணல். அழகான ஊர். சர்ஃபிங் செய்கிறவர்கள் அங்கே தேடி வருகிறார்கள், அப்படியென்றால் அலை பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நீந்தத் தெரிந்த இளவட்டங்களுக்கு ஜனவரி, பிப்ரவரியில் அது சரி, கைப்பிள்ளைக்காரர்களுக்கு அல்ல.

தூத்துக்குடி முத்துநகர் கடற்கரை உட்கார்ந்து காற்று வாங்க, சுண்டல் சாப்பிட. மக்ரூன் வாங்கிக்கொண்டு திரும்பலாம். குளிக்க வேறு இடம் பாருங்கள்.

கேரளம் வரை போகிற தெம்பும் இரண்டு நாளும் இருந்தால் கோவளம், வர்க்கலை. அங்கே உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், கொடி நட்டிருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது, பேச்சே இல்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் குளிக்கப் போவது வீண், மழைக் கடலைப் பார்க்க வேண்டுமானால் போகலாம். மேப்பில் கோவளம் என்று தட்டும்போது மட்டும் உஷார். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு கோவளம் உண்டு, கன்னியாகுமரிக்கு ஒட்டினாற்போல ஒரு மீனவ ஊர் கோவளம் உண்டு. திருவனந்தபுரம் என்று சேர்த்துத் தட்டுங்கள்.

வழியும் நேரமும்

ராமேஸ்வரம் ரோடு மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம் வழி. பரமக்குடி வரை அகலமான ரோடு, அதற்கப்புறம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். தூத்துக்குடிக்கு அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாக நாலு வழிச் சாலை, ஓட்டுவதற்குச் சுகம். கன்னியாகுமரி கிட்டத்தட்ட 245 கிலோமீட்டர், ஒரே நாளில் போய்த் திரும்புவது முடியாத காரியமில்லை, ஆனால் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்யாதீர்கள். பஸ் என்றால் எல்லாம் மாட்டுத்தாவணியிலிருந்துதான். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த பிறகு ராமேஸ்வரத்துக்கு ரயில் மறுபடி ஓடுகிறது. பாலத்தில் ரயில் போகும்போது கிடைக்கிற காட்சிக்காகவே ஒரு தடவை ரயிலில் போகலாம்.

ஒரு நாள் பயணம் என்றால் அதிகாலை 4 மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். 7 மணிக்குக் கரையில் இருந்தால் 10 மணி வரை ஆடலாம். 11-லிருந்து 3 வரை கடலில் நிற்பது தோலுக்கு ஆகாது, மணலும் கால் வைக்க முடியாமல் கொதிக்கும். 8 மணிக்கு மேல் எழுந்து கிளம்புகிற குடும்பங்கள் சரியாக அந்த வெயிலில்தான் போய் இறங்கும்.

கிளம்புவதற்கு முந்தின நாள்

ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் கள்ளக்கடல், உயர் அலை எச்சரிக்கைகளை மாவட்டப் பெயரோடு வெளியிடும், தொலைக்காட்சியிலும் வரும். போனில் விண்டி மாதிரி ஒரு செயலி இருந்தால் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அலை உயரம் அரை மீட்டருக்குள் இருந்தால் பிள்ளைகளுக்குச் சரி, ஒரு மீட்டரைத் தாண்டினால் நான் அவர்களை இறக்க மாட்டேன். உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை விநாடி இடைவெளி என்றும் காட்டும். அது பதினைந்துக்கு மேல் இருந்தால், உயரம் குறைவாகத் தெரிந்தாலும் தூரத்துக் கடலிலிருந்து வருகிற கனமான அலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் கூடுதலாக ஏறும், இறங்கும், நாட்காட்டியையும் ஒரு பார்வை பாருங்கள்.

கரையில் இறங்கியதும்

துணி மாற்றுவதற்கு முன் கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள். அலை எங்கே உடைகிறது? தூரத்திலேயே உடைந்து நுரையாக உருண்டு வந்தால் அடி ஆழமில்லை. கரைக்குப் பக்கத்தில் வந்து தொப்பென்று விழுந்தால் இரண்டடி எடுத்து வைத்ததும் பள்ளம். மணல் பெரும்பரலாக, சரிவாக இருந்தால் அதுவும் ஆழத்துக்கு அடையாளம். வரிசையாக அலை உடைகிற கரையில் ஒரு இடத்தில் மட்டும் உடையாமல், கொஞ்சம் கறுப்பாக, அமைதியாக ஒரு சந்து தெரியும். தெரியாதவர்கள் நல்ல இடம் என்று அங்கேதான் பிள்ளையை இறக்குவார்கள். அலையில் ஏறி வந்த தண்ணீர் அத்தனையும் திரும்பிப் போகிற வழி அது, ஆளையும் சேர்த்துக்கொண்டு போகும். கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீளமாகக் கொட்டியிருக்கிற தூண்டில் வளைவுக் கல்லை ஒட்டியும் ஆற்று முகத்துவாரத்திலும் இதே இழுப்பு இருக்கும்.

வலை பின்னிக்கொண்டு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். அவர்களிடம் கேட்பதை விடப் பெரிய எச்சரிக்கைப் பலகை கிடையாது. "அண்ணே, இங்க குளிக்கலாமாண்ணே?" என்று கேளுங்கள். "இங்க வேணாம் தம்பி, அந்த வள்ளம் நிக்குதுல்ல, அதுக்கு வடக்க எறங்குங்க, இங்க பள்ளம்" என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். காயப்போட்ட வலையையும் கருவாட்டையும் மிதித்துக்கொண்டு போய்க் கேட்காதீர்கள், அவ்வளவுதான். கரை அவர்களுடைய வேலை செய்யும் இடம்.

இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள், கை ஓய்ந்துவிடும். மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகருங்கள். அந்த இழுப்பைத் தாண்டினால் அலையே திருப்பிக் கொண்டுவரும். கரையில் இருப்பவர் பின்னால் குதிக்கக் கூடாது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் கேன் ஒன்றைக் கயிறு கட்டித் தூக்கிப் போடுங்கள், நன்றாக மிதக்கும். 108-ஐயும், கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐயும் போனில் பதிந்து வையுங்கள்.

உடை விஷயத்தில் சங்கடப்படாமல் சொல்ல வேண்டியது: சேலையும் நைட்டியும் நனைந்தால் காலைச் சுற்றிக்கொள்ளும், எழுந்திருக்க விடாது. இறங்குகிற பெண்கள் லெக்கின்ஸ், டி-ஷர்ட் மாதிரி உடம்போடு ஒட்டிய துணி போடுவது நல்லது. தாலிச் செயினைத் தவிர நகை எதுவும் வேண்டாம், அதையும் உள்ளே போட்டு ஊக்குக் குத்திவிடுங்கள். குடித்துவிட்டு ஒருத்தரும் தண்ணீருக்குள் போகக் கூடாது. சொறி எனப்படும் இழுது மீன் (ஜெல்லி மீன்) பட்டு அரித்தால் கையால் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் ஊற்றாமல், கடல் தண்ணீரிலேயே அலசிவிட்டு, வலி அதிகமானால் ஆஸ்பத்திரி.

ராமநாதபுரம் மாவட்டத்தில் குடிதண்ணீர் காசு கொடுத்து வாங்கும் பொருள். குடிக்க ஒரு கேன், உப்பு கழுவ ஒரு கேன் என்று மதுரையிலேயே ஏற்றிவிடுங்கள். துணி மாற்ற ஒரு பழைய போர்வை, இரண்டு லுங்கி. சாப்பாட்டுக்குப் புளியோதரையும் வடகமும் கட்டிக்கொண்டு போகிறவர்கள் கெட்டிக்காரர்கள். மீன் சாப்பிட ஆசைப்பட்டுப் போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதை நினைவில் வையுங்கள். நாட்டுப்படகு மீன் வரும், விலை கூடும். எந்த மாதமானாலும் நண்டோ மீனோ ஆர்டர் கொடுக்கும் முன் விலையைக் கேட்டுவிடுங்கள், பில் வந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

திரும்புகிற வழியைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. கடலில் ஆடிய களைப்பு, வெயில், வயிறு நிறையச் சாப்பாடு, பரமக்குடி வரை நேர் ரோடு, ஓட்டுகிறவருக்குக் கண் சொக்கிவிடும். அவரை மட்டும் மத்தியானம் சவுக்குத் தோப்பில் ஒரு மணி நேரம் தூங்க விடுங்கள். பிள்ளைகள் அவரை எழுப்பாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும்.